அத்தை விடாத கை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டெண்ட்டுக் கொட்டகையில் கடலை விற்றுத் தொடங்கி, முப்பது வயதுக்குள் ஆலங்குடியில் சொந்தமாக டூரிங் டாக்கீஸ் நடத்தினேன். திருச்சியிலிருந்து படப்பெட்டி பஸ்ஸில் வந்து சேர வேண்டும். மழை கொட்டினாலும் பஸ் நடுவழியில் நின்றாலும், மாட்டுவண்டி பிடித்தாவது பெட்டியைக் கொண்டுவந்து ஆட்டத்தை ஓட்டியிருக்கிறேன். பிலிம் அறுந்தால் ஆபரேட்டரை விலக்கிவிட்டு நானே ஒட்டுவேன். சினிமாவில் எனக்குத் தெரியாதது இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படிப்பட்டவன் ஆயுளில் எடுத்த ஒரே படம் நாலு நிமிஷப் படம். அது என் கைக்குள் அடங்கவில்லை.

என் தங்கைக்குத்தான் அந்தப் படம். அம்மாவும் அப்பாவும் அவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார்கள். அடுத்த வீட்டில் இருந்த அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அவளை வளர்த்தாள். சிறு வயதில் முந்திரி மரத்திலிருந்து விழுந்து தங்கைக்குக் கால் முறிந்தது. எலும்பு கட்டுகிற வைத்தியர் கட்டிவிட்டார். கொஞ்ச காலம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள், பிறகு முழுக்கச் சரியாகிவிட்டது. கால்தான் சரியானதே தவிர ஊர் வாய் சரியாகவில்லை. பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் ஆலங்குடி கடைத்தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயின.

அறுபதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் கடை வைத்திருந்த ஒரு பையனுக்குப் போட்டோ அனுப்பினோம். பிடித்துவிட்டது. அவனுடைய அம்மா, தங்கச்சிகள் எல்லாரும் அங்கேதான். சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று நான் கொட்டகை ஆட்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கூடப் போட்டேன். அதற்குள் கால் கதை கடல் தாண்டிவிட்டது. ‘நிற்கிற போட்டோவைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார்களா’ என்று அங்கே கேட்டார்களாம்.

பையனின் பெரியப்பா மகன் ஒருவர் அந்தச் சமயம் ஊருக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். பினாங்கிலிருந்து கையடக்கமான ஒரு சினிமா கேமரா கொண்டுவந்திருந்தார். கப்பலுக்குக் கிளம்புகிற அன்று காலையில் பையும் பெட்டியுமாக எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்.

“ஒரே ஒரு ரோலுதான் மிச்சமிருக்கு. தங்கச்சி நடக்குறத எடுத்துக்கிட்டுப் போயிர்றேன். அவுங்களே பாத்துக்கட்டும். ஆனா மத்தியான பஸ்ஸ விட்டா நாகப்பட்டினத்துல கப்பல் போயிரும்” என்றார்.

சம்பந்தம் முடிவாகாததால் அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. வாங்க, இருங்க, சாப்பிடுங்க என்று முறையில்லாமலே பேசிக்கொண்டிருந்தேன்.

அவரை நிழலில் உட்கார வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். என்னோடு கடலை விற்ற சிநேகிதர்கள் இரண்டு பேர், ஒருவன் என் ஆபரேட்டர், இன்னொருவன் டிக்கெட் கொடுக்கிறவன். இருவரையும் விரட்டி, கொட்டகைத் திரையை அவிழ்த்து மாட்டுவண்டியில் ஏற்றி, வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டச் சொன்னேன். திரைக்கு முன்னால் நடந்தால்தானே சினிமா மாதிரி இருக்கும். கட்டி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காற்றில் திரை உப்பிக்கொண்டு நின்றது.

அவர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். “இத அவுத்துருங்களேன். பின்னாடி இம்புட்டு வெள்ளையா இருந்தா பொண்ணு மொகம் கருப்பாத்தான் விழும்” என்றார்.

ஆபரேட்டர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “நம்ம கொட்டகையில எவனாச்சும் தெரைக்கு முன்னாடி நின்னா கல்ல விட்டு எறிவியே மாப்ளே. இன்னைக்கு ஒன் தங்கச்சியவே நிக்க வைக்கிறியே” என்றான்.

தங்கை பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, என்னைப் போலவே வாய் அதிகம். கிணற்றடியிலிருந்து வீட்டின் கொல்லை வாசல்படி வரை தனியாக நடந்து வர வேண்டும், நிமிர்ந்து வர வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். சொன்னதோடு விடாமல் நானே ஒரு நடை நடந்தும் காட்டினேன்.

“அண்ணே, நீ நடக்குறத எடுத்து அனுப்புனா அவுங்க ஒன்னையும் வேணாம்னுதான் சொல்வாங்க. தள்ளிக்க. எனக்கு நடக்கத் தெரியும்.”

கேமரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது. தங்கை கிணற்றடியில் முதல் அடி எடுத்து வைத்தாள். எங்கிருந்தோ அத்தை வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பெண்ணைத் தனியாக அனுப்பும் வழக்கம் கிடையாது. வீட்டுப் பெண்மணி ஒருத்தி முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டி வருவாள். பெண் தலை குனிந்து கூடவே வருவாள். அத்தைக்குக் கேமரா என்பது பெண் பார்க்க வந்த ஆள். அவளும் கொசுவத்தைச் சரிசெய்து, நெற்றியில் பெரிய பொட்டு வைத்துத் தயாராகத்தான் இருந்திருக்கிறாள். இருவரும் அடிமேல் அடி வைத்து, எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி நடந்து வந்தார்கள். நான் ‘விடு, விடு’ என்று கையை ஆட்டினேன். அத்தை அதை ‘வா, வா’ என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். பாதிப் பிலிம் ஓடி முடிந்தது.

அவர் மரநிழலுக்குப் போய், வெளிச்சம் படாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு பிலிமைத் திருப்பிப் போட்டார்; ஒரு பக்கம் ஓடியதும் மறுபக்கம் ஓடுகிற பிலிம் அது. அதற்குள் நான் அத்தையிடம் போனேன்.

“அத்தை, கால் கொணல்னு நெனைக்கிறாங்க. கையப் புடிச்சா அது நெசம்னு ஆயிரும். இந்தத் தடவ விட்டுருங்க.”

“போடா. தனியா நடந்து வந்தா அதுக்கு ஆள் இல்லைன்னு நெனைப்பாங்க. தாயில்லாத பொண்ணு. அந்தக் கையப் புடிக்கக்கூட நாதியில்லையான்னு ஒருத்தரு கேட்டுறப்படாது.”

கொட்டகையில் தகராறு செய்கிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். அத்தையை என்ன செய்வது?

கேமராக்காரர்தான் வந்து பேசினார். “அத்தே, மாப்ளயோட அம்மா எனக்குச் சின்னம்மா, அவுங்ககிட்ட நீங்க வளத்த அழக நானே வாயால சொல்றேன். இத மட்டும் தனியா விடுங்க.” அத்தே என்று மாமியார் முறையில் அவர் சொன்ன ஒரு வார்த்தையில் அத்தை இளகிப்போனாள். முறை வைத்துப் பேசிவிட்டாரே. பூவரச மரத்தோடு ஒட்டிப் போய் நின்றுகொண்டாள். அவள் பக்கத்தில் டிக்கெட்காரனைக் காவல் வைத்தேன்.

தங்கை நடந்தாள். நிமிர்ந்து நடந்தாள். மூன்றடி, நாலடி. கிணற்றுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு, ஒரு எட்டில் தாண்டிவிடலாம். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். அவ்வளவுதான், “பாத்து, ஆத்தா” என்று ஓடி வந்து அத்தை முழங்கையைப் பிடித்துவிட்டாள். டிக்கெட்காரன் கையில் அவள் முந்தானையின் நுனி மட்டும் இருந்தது. பிறகு கையை விடவே இல்லை. வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிடும் போட்டாள்.

கேமரா சத்தம் நின்றது.

“முடிஞ்சிருச்சு” என்றார் அவர், குற்றம் செய்தவர் போல.

“இன்னொரு ரோலு புதுக்கோட்டையில கெடைக்காதா? சைக்கிள்ல ஆள் அனுப்புறேன்” என்றேன்.

“மெட்ராஸ்லயே தேடணும். பிலிமக் கழுவுறதும் அங்க பினாங்கு போயித்தான்.”

அந்த நேரம் பார்த்து பஸ் ஹார்ன் அடித்தது. பையை, பெட்டியை என்று அவர் அள்ளிக்கொண்டு ஓடினார். கண்டக்டர் எனக்குத் தெரிந்தவன், கொட்டகையில் ஓசியில் படம் பார்க்கிறவன். கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம்தான். நிறுத்தி வைத்து எதை எடுப்பது?

பஸ் நகர்ந்த பிறகுதான் பார்த்தோம், அவருடைய பிளாஸ்க் மரத்தடியில் கிடந்தது. நாங்கள் எல்லாரும் ‘ஐயோ, பிளாஸ்க்’ என்று நின்றோமே தவிர, ஓடியவள் தங்கை. பட்டுச்சேலையை இடுப்பில் செருகி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டி, ரோட்டுப் புழுதிக்குள் பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடினாள். அவர் ஜன்னலில் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த ஓட்டத்தை நான் இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். குதிரை மாதிரி ஓடினாள். அவரும் பார்த்தார். மடியில் இருந்த கேமராவில் ஓட்டுவதற்குப் பிலிம் இல்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், “அவரு பாத்துட்டாருல்ல? கண்ணால பாத்தத சொல்ல மாட்டாரா?” என்று கேட்டாள். நானும் அதைத்தான் நம்பினேன். சொல்வார், நிச்சயம் சொல்வார் என்றேன்.

சொல்லியிருக்கிறார். சில மாதங்கள் கழித்துப் பினாங்கிலிருந்து வந்த வேறொருவர் கொட்டகைக்கே வந்து விஷயத்தைச் சொன்னார். மாலை ஆட்டம் தொடங்கி, உள்ளே கூட்டம் விசில் அடித்துக்கொண்டிருந்த நேரம். பையன் வீட்டுச் சுவரில் படத்தைப் போட்டுப் பார்த்தார்களாம். ஒரு தடவைக்கு நாலு தடவை. “பொண்ணு பஸ்ஸை விரட்டி ஓடி வந்தத நானே பாத்தேன்” என்று கேமராக்காரர் எவ்வளவோ சொன்னாராம். “நீ நல்லவன், சொல்லுவ. படம் பொய் சொல்லுமா? அந்தம்மா கடைசி வரைக்கும் கையை விடலையே” என்று பையனின் அம்மா எழுந்து போய்விட்டாளாம்.

உள்ளே என் திரையில் யாரோ அழுதார்கள். என் ஜனம், மணலில் உட்கார்ந்து கூடவே அழுதது. திரையில் வருவதை நிஜம் என்று நம்ப வைத்துத்தான் நான் ஆளானேன். பினாங்குக்காரர்களிடம் போய் நான் என்ன வாதாடுவது?

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“கையினாலதான்னு சொன்னாங்களா?”

“ஆமா.”

“அத்தைகிட்ட அத சொல்லாத. ஜாதகம் சேரலைன்னு சொல்லிரு.”

அப்படியே சொன்னேன். அத்தை பினாங்குக்காரர்களைத் திட்டித் தீர்த்தாள். நாம எவ்வளவு மரியாதையாப் பொண்ணக் கூட்டியாந்து காட்டுனோம், அதுக்காச்சும் ஒரு மதிப்பு வேணாமா என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டாள்.

அடுத்த வருஷம் கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சை நானே நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன். பெண்ணை வரச் சொல்லுங்கள் என்றார்கள். உள்ளேயிருந்து வளையல் சத்தம் வந்தது. அத்தை, பெரிய பொட்டோடு, தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கூட்டி வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பாதத்தைப் பார்த்தாள். தங்கை தலை குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.