புகையிலை அக்காவுக்காக ஒரு நாள்

அந்தத் தெருவில் அவளுக்குப் புகையிலை அக்கா என்று பெயர். சிகரெட்டைக் கையால் தொட்டவள்கூட இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காக வருஷா வருஷம் அதே வீடுகளுக்குப் போய், யார் புகைக்கிறார்கள், எவ்வளவு புகைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிந்துகொண்டு வருவது அவள் வேலை. எங்கோ இருக்கும் அறக்கட்டளை ஒன்று அதற்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பேராசிரியருக்கு ஏசி அறை, இவளுக்குச் சம்பளம். கணவர் வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு, வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் சம்பளத்தால்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "கேக்கணும், எழுதிக்கணும், அவ்வளவுதான். புத்தி சொல்லக் கூடாது. மூஞ்சியில ஒண்ணும் காட்டக் கூடாது." சரி சார் என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மூஞ்சி என்ன, சொன்ன பேச்சைக் கேட்கிற சாமானா? எதிரே இருப்பவர் "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்" என்றதும் அது வாடிப்போகும். "ஏங்க, பொண்ணு இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கலையே" என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிடும். மாமியாரின் முட்டிவலியை விசாரிப்பாள், பிள்ளைகளின் மார்க்கைக் கேட்பாள். தெருவே அவளைக் கூடப்பிறந்தவளாக வைத்திருந்தது.

கூடப்பிறந்தவளிடம் எவன் உண்மையைச் சொல்வான்? அடுத்த வருஷம் தையல்காரர், "விட்டுட்டேம்மா" என்றார். லாரி டிரைவர், "அதெல்லாம் பழைய கதை" என்றார். பைக் மெக்கானிக், "உங்க மேல சத்தியமா தொடறதில்லக்கா" என்று ஒரேயடியாக அடித்தான். அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே அதற்கடுத்த வருஷம் இன்னும் பலர் விட்டார்கள். பேராசிரியரின் வரைபடத்தில் கோடு சறுக்குமரத்தில் உட்கார்ந்த பிள்ளைபோல இறங்கியது. அதை மாநாடு மாநாடாகத் தூக்கிக்கொண்டு போய்க் கைதட்டல் வாங்கினார்.

கைதட்டியவர்களில் பணம் கொடுப்பவர்களும் இருந்ததுதான் வினை. புகையே இல்லாத தெருவில் புகையை ஆராய எதற்குப் பணம் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. பேராசிரியர் வெலவெலத்துப்போய் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உண்மையச் சொல்லும்மா. எல்லாரும் நிஜமாவே விட்டுட்டாங்களா?"

"மெக்கானிக் பக்கத்துல நின்னா எனக்கே மூச்சு முட்டுது சார்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"அவங்க சொன்னத மட்டும் எழுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயில் ஊதினால், புகைத்தவரா இல்லையா என்று மூச்சை வைத்தே காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று இருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் கண்ணெதிரிலேயே தெருவை ஊதவைத்துவிடுவது.

"புகை இருக்குன்னு தெரிஞ்சா, ஜனங்க ஏன் மறைக்கிறாங்கன்னு ஆராயவே இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் பணம் கேக்கலாம். உன் வேலையும் நிலைச்சிடும்."

"இல்லன்னு காட்டினா சார்?"

"கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டாள். "நாளைக்குப் பெரியவங்க மெஷினோட வர்றாங்க. என் வேலையே அதுலதான் இருக்கு" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. விடு, விடு என்று வருஷக்கணக்காகச் சொன்ன வாயால், நாளைக்கு மட்டும் மறக்காமல் புகை பிடித்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால்தான் மனசு கேட்குமா?

"நாங்க இருக்கோம்லக்கா, கவலைய விடுங்க" என்றான் மெக்கானிக்.

மறுநாள் தெரு வரிசையில் நின்று ஊதியது. கருவி ஒருத்தரைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. பச்சைக் குழந்தைகளின் மூச்சு தோற்றது போங்கள்! தையல்காரருக்குக் கை நடுங்கியது. லாரி டிரைவர் பார்த்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த அம்மாளுக்கோ ஒரே பூரிப்பு. அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க எழுதினது ஒவ்வொண்ணும் உண்மை. இப்படி ஒரு வெற்றிய நான் பார்த்ததே இல்ல. இனிமே இங்க எங்க பணமே தேவையில்ல."

பேராசிரியர் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறிக்கொண்டார். கார் முனை திரும்பியதுதான் தாமதம், தெரு முழுக்கத் தீக்குச்சி உரசும் சத்தம். மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நேத்து நீங்க சொல்லிட்டுப் போனதுலேருந்து ஒருத்தரும் தொடலக்கா. மெஷின் உங்களப் பொய்க்காரின்னு சொல்லிடக் கூடாதில்ல? உசிரே போயிடுச்சு போங்க. வேலை தப்பிச்சுதா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்தாள். தையல்காரரும் டிரைவரும் அவன் பின்னாலேயே வந்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தப்பிச்சுதுப்பா" என்றாள்.

"அப்ப அடுத்த வருஷமும் வருவீங்கல்ல?"

"வராம எங்க போவேன்?" என்று சொல்லிச் சிரித்தாள். அவர்கள் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.