அந்தமான் தீவினர்

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குப் போர்ட் பிளேரிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர்தான். சின்ன வயதில் கப்பலேறிப் போய் அங்கேயே மர மில்லில் வேலை பார்த்துத் தங்கிவிட்டவர்.

என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எதையும் மனு எழுதுகிற தமிழில்தான் எழுதுவார். கல்யாணப் பத்திரிகையிலும் சம்பந்தியை ‘அந்தமான் தீவினைச் சேர்ந்த’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை எதிர்வீட்டுத் தமிழ் டீச்சரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“தீவினைன்னா பாவம்மா. சம்பந்தி பாவத்தச் சேந்தவர்னு போட்டிருக்கீங்களே.”

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய ஆலோசனை. ‘தீவைச் சேர்ந்த’ என்று மாற்றினால் போதும் என்றேன். அப்பாவுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. ஒரே சொல்லாக வேண்டுமாம். ‘தீவுவாசி’ என்றார். காட்டுவாசி மாதிரி இருக்கிறது என்று அம்மா தள்ளிவிட்டாள். ‘தீவான்’ என்று எழுதிக் காட்டினார். சித்தப்பா அதைத் திவான் என்று படித்து, சம்பந்திக்கு அரண்மனை உத்தியோகமா என்று விசாரித்தார். கடைசியில் ‘தீவினர்’ என்று முடிவானது. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. அந்தச் சொல்லைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, மைதாப் பசை தடவி, எல்லாப் பத்திரிகையிலும் நானே ஒட்டினேன்.

ஒட்டியதால்தான் வினையே. ஒட்டாதிருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். வாங்கியவர்கள் எல்லாரும் நகத்தால் சுரண்டி அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் நிச்சயத்துக்கு வந்த சம்பந்தியும் சுரண்டினார். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடியில் இருந்ததைப் படித்ததும் சம்பந்திக்குச் சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. “அங்க எங்கள யாரும் இப்படிலாம் சொல்றதில்லீங்க சம்பந்தி. நாங்க ஊர்க்காரங்க, அவ்ளோதான். உங்களத்தான் மெயின்லேண்டு ஆளுங்கன்னு சொல்லுவோம்.”

கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. பிறந்ததிலிருந்து திருவண்ணாமலைக்காரனாக இருப்பவனை எப்படி இன்னொரு பேர் வைத்துக் கூப்பிடலாம் என்று சம்பந்திக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “அது கெடக்கட்டும். கப்பல்ல நம்ம பொண்ணுக்கு வாந்தி வந்தா என்ன குடுக்கணும்னு கேட்டு எழுதுங்க.”

அப்பா எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். பிறகு அதைத்தான் எழுதினார்.