ஏசுபாதம் தட்டி நிமிர்த்திய விளிம்பு

என் தங்கை ரெஜினாவின் கணவர் ஏசுபாதத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வழங்கும் செய்திகளில் சில தவறானவை. அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தவறு. அவருடைய அப்பா திருப்போரூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தவர். அவர் படகுப் பந்தயத்தில் ஓட்டினார் என்பதும் தவறு. அவர் ஓட்டிய விரைவுப் படகு எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. அதற்கு ஏற்ற புரொப்பெல்லரை, அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியை, அவர் எப்படிக் கண்டார் என்பதே உண்மையில் நடந்த கதை. கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியே கேட்டு, அவர்கள் ஒத்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாத ஓர் இடம் உண்டு. அதை அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படிப்பை முடித்த ஏசுபாதம், கோவளத்தில் முனிசாமி என்பவருடைய எஞ்சின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மீனவர்களின் ஃபைபர் படகுகள்தான் அங்கே பெரும்பாலும் வரும். அலை உடையும் இடத்தைக் கடந்து கரையேறும்போது அவற்றின் புரொப்பெல்லர்கள் மணல்திட்டிலும் கல்லிலும் இடித்து விளிம்பு வளைந்துவிடும். ஆகவே அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புரொப்பெல்லரையும் எஞ்சினில் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரல் எங்கே தடுக்குகிறதோ அங்கே தட்டி நிமிர்த்த வேண்டும். அந்த வேலையில் ஏசுபாதத்தின் கை நன்றாகப் பழகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே வளைவைக் கண்டுபிடிப்பார் என்று ரெஜினா சொல்கிறாள். இதை அவர் மறுக்கவில்லை.

1998இல் உப்பிலி என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் கோவளத்துக் கழிமுகத்தில் சிறிய படகுத் துறை ஒன்றை நடத்தத் தொடங்கினார். செங்கல்பட்டில் குடியிருந்த அவர் தினமும் தம் காரில் வந்துபோவார். காலால் மிதிக்கும் படகுகளை வைத்துத் தொழிலைத் தொடங்கி, மறு ஆண்டே கோவாவிலிருந்து பழைய விரைவுப் படகு ஒன்றை வாங்கி வந்தார். முன்பக்கம் திறந்த, ஆறு பேர் உட்காரக்கூடிய படகு அது. பின்னால் நூற்றுப் பதினைந்து குதிரைத்திறன் எஞ்சின் தொங்கியது. நீர்ச்சறுக்குக்கு, அதாவது கயிற்றைப் பிடித்தவரைப் பலகைகள்மேல் நிற்க வைத்து இழுத்துச் செல்வதற்கு, அதைப் பயன்படுத்துவது அவர் திட்டம். படகை ஓட்டவும் பராமரிக்கவும் ஏசுபாதத்தை அழைத்தார். எஞ்சின் பட்டறையின் எண்ணெய்ப் பிசுக்கிலிருந்து ஸ்டியரிங் சக்கரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தபோது இருந்த மகிழ்ச்சி தமக்குத் திருமண நாளில்கூட இல்லை என்று ஏசுபாதம் சொல்வார், ரெஜினா பக்கத்தில் இல்லாதபோது.

தனியாக ஓட்டினால் அந்தப் படகு அம்பு போலப் பாய்ந்தது. ஆனால் நான்கு பேர் ஏறிக்கொண்டு, பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுததே தவிர, மேலெழும்பி மிதந்து ஓட மறுத்தது. படகு அப்படி எழும்பினால்தான் பின்னால் இருப்பவரும் தண்ணீரை விட்டு எழுந்து நிற்க முடியும். சோதனைக்காகக் கயிற்றைப் பிடித்தவள் உப்பிலியின் மகள் சுப்ரஜா. கல்லூரி மாணவி, பயம் அறியாதவள். ஒவ்வொரு முறையும் வாயும் மூக்கும் நிறையக் கழிமுகத் தண்ணீரோடு எழுந்து வருவாள். மறுநாள் காலை படகுத் துறையில் கால் வைத்ததும், “அண்ணா, இன்னிக்கும் உப்புத் தண்ணிதான் டிபனா?” என்று கேட்பாள்.

பொங்கல் விடுமுறைக்குச் சென்னை நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் நீர்ச்சறுக்குக்கென்றே முன்பதிவு செய்திருந்தார்கள். அதற்குள் படகு ஒருவரை இழுத்து நிறுத்தாவிட்டால், விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் அதை விற்றுவிடப் போவதாக உப்பிலி சொல்லிவிட்டார். விற்றால் ஏசுபாதத்துக்கு வேலை போகாது; மிதிபடகுக் கூண்டில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைக்கும். அந்தக் கூண்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்ப்பாராம்.

எஞ்சினில் குறை இல்லை என்பதை அவர் முதலில் உறுதிசெய்துகொண்டார். பிறகு அவர் கவனம் புரொப்பெல்லரின் நடுவில் பொறித்திருந்த இரண்டு எண்களின்மேல் சென்றது. முதல் எண் விட்டம் என்பது தெரியும். இரண்டாவது எண் இருபத்தொன்று. அதைப் பட்டறையில் யாரும் பொருட்படுத்தியதில்லை. ‘பிட்ச்’ என்பார்கள், அவ்வளவுதான். உப்பிலி அதை விளக்கினார்: மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதே அந்த எண். ஏசுபாதம் அன்றே இரண்டு திருகாணிகளை வாங்கினார். ஒன்றில் புரிகள் நெருக்கம், மற்றொன்றில் அகலம். பழைய படகுப் பலகையில் இரண்டையும் முறுக்கிப் பார்த்தார். அகலப் புரி ஒரே சுற்றில் அதிகம் இறங்கியது. ஆனால் மணிக்கட்டு வலித்தது. நெருக்கப் புரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, கை நோகவில்லை.

எஞ்சினுக்கும் மணிக்கட்டு வலிக்கிறது என்பது அப்போது அவருக்கு விளங்கியது. கோவாவில் அந்தப் படகை வைத்திருந்தவர் தனியாளாக வேகத்துக்காக ஓட்டியவர். அவருக்கு இருபத்தொன்று சரி. ஆளை ஏற்றி, இன்னோர் ஆளையும் இழுக்க வேண்டிய இங்கே எஞ்சினால் அந்தப் பிட்ச்சோடு தன் முழுச் சுழற்சியை எட்ட முடியவில்லை. எஞ்சினின் கையேடு நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று வரை போகலாம் என்றது. சுமையோடு சுழற்சிமானியின் முள் நாலாயிரத்து முந்நூறைத் தாண்டவில்லை. பிட்ச்சை இறக்க வேண்டும் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். சிங்கப்பூரில் இருந்த உப்பிலியின் மைத்துனர் பதினேழு பிட்ச் கொண்ட, முன்பு யாரோ பயன்படுத்திய எஃகுப் புரொப்பெல்லர் ஒன்றைத் தேடி வாங்கி, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

அது கைக்கு வந்த அன்று உப்பிலி ஊரில் இல்லை. ஏசுபாதம் பழைய பழக்கப்படி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். விரல் தடுக்கியது. மூன்று இதழ்களிலும் பின்விளிம்பு முழுதும் மெல்லிய உதடுபோல ஒரு பக்கமாக மடிந்திருந்தது. யாரோ இடித்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, முனிசாமியின் பட்டறைக்கு எடுத்துப் போய், எஃகு என்பதால் சூடேற்றி, மூன்று இதழ்களையும் தட்டி நிமிர்த்தினார். முனிசாமியும் விரலை ஓட்டிப் பார்த்து, வேலை சுத்தம் என்றார்.

மறுநாள் உப்பிலி முன்னிலையில் சோதனை நடந்தது. எஞ்சின் சுலபமாகச் சுழன்றது. சுழற்சிமானியின் முள் ஐயாயிரத்து ஐந்நூறையும் தாண்டிச் சிவப்புக் கோட்டுக்குள் போனது, எஞ்சின் அலறியது, படகோ சேற்றில் வழுக்கும் சக்கரம்போல தண்ணீரைக் கொதிக்கவைத்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் பிடிப்பே இல்லை. சுப்ரஜா வழக்கம்போல மூழ்கினாள். உப்பிலி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மட்டமான சரக்கை அனுப்பியதாக மைத்துனரைக் கடிந்துகொண்டார். புதுச்சேரிக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லவும் மறக்கவில்லை.

அன்று மாலை ஏசுபாதம் வீட்டுக்கு வந்தபோது, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ரெஜினா ஒரு பாவாடையின் கீழ்விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். புரொப்பெல்லர் முதலிலேயே வளைந்து வந்தது, மூன்று இதழ்களிலும் ஒரே அகலத்துக்கு வளைந்திருந்தது, எவ்வளவு பாடுபட்டு நிமிர்த்தினேன் என்று அவர் புலம்பினார். ரெஜினா தையலை நிறுத்தினாள்.

“மூணும் ஒரே மாதிரியா? பாறை இன்னா டேப்பு வச்சி அளந்து இடிச்சிதா?”

அவள் பாவாடை விளிம்பைத் தூக்கிக் காட்டினாள். “இத மடிக்காம வுட்டா பிரிஞ்சி பூடும். வேணும்னுதான் மடிக்கிறோம். உங்களுது மட்டும் தானா மடிஞ்சிகினு வந்துச்சாக்கும்.”

இருவரும் ஒத்துக்கொள்ளாத இடம் இதுதான். அவள் சும்மா கேலி செய்தாள், விஷயம் தமக்குத்தான் உறைத்தது என்கிறார் ஏசுபாதம். தெரிந்தேதான் சொன்னேன் என்கிறாள் ரெஜினா. எது எப்படியானாலும், அவர் அப்போதே சமையலறைக்குப் போய், விளிம்பு குவிந்த குழிக்கரண்டி ஒன்றையும் தட்டையான தோசைக் கரண்டியையும் வாளித் தண்ணீரில் மாறி மாறி விரைவாக இழுத்துப் பார்த்தார். தட்டையானது தண்ணீரை நழுவவிட்டது. விளிம்பு குவிந்த கரண்டி தண்ணீரைப் பிடித்து, கையைப் பின்னுக்கு இழுத்தது. புரொப்பெல்லரின் விளிம்பை மடித்திருந்ததும் தண்ணீரைப் பிடிக்கத்தான் என்பது அவருக்கு விளங்கியது.

சொல்லாமல் விட்டிருந்தால் பழி சிங்கப்பூருக்கே போயிருக்கும். ஆனால் படகும் புதுச்சேரிக்குப் போயிருக்கும். மறுநாள் காலை உப்பிலியின் கார் வந்து நின்றதும் ஏசுபாதம் அதன் கதவருகே போய் நின்றார்.

“சார், அது இடிச்சி வளைஞ்சது இல்ல. செஞ்சவனே வளைச்சி வுட்டது. நான்தான் தட்டி நிமித்திட்டேன்.”

உப்பிலி காரை விட்டு இறங்க வெகுநேரமானது. இறங்கியவர் கோபிக்கவில்லை. எவ்வளவு வளைந்திருந்தது என்று மட்டும் கேட்டார். ஏசுபாதம் தம் கட்டைவிரலை நீட்டி, நகத்தின் நுனி உட்காரும் அளவு என்றார். நகத்தை வைத்துப் பொறியியல் செய்வதைத் தம் முப்பது வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை என்றார் உப்பிலி. ஆனாலும் அந்த விரலைப் பிடித்து, பால் பவுடர் டின்னின் மூடிமேல் வைத்து, நகத்தின் வளைவைப் பென்சிலால் வரைந்தார். அதை வெட்டி எடுத்ததும் கைக்கு அடக்கமான அச்சு ஒன்று கிடைத்தது. மூன்று இதழ்களும் அந்த அச்சோடு பொருந்தினால்தான் எஞ்சின் நடுங்காமல் ஓடும் என்பது அவர் கணக்கு.

முனிசாமியின் பட்டறையில், நிமிர்த்துவதற்கே பழகிய கை முதல்முறையாக வளைக்க உட்கார்ந்தது. முனிசாமி தலையில் அடித்துக்கொண்டார். முதல் தடவை வளைவு அதிகமாகி, சோதனையில் முள் ஐயாயிரத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. அச்சின் ஓரத்தைக் கொஞ்சம் ராவி, விளிம்பையும் அதற்கேற்பத் தளர்த்தினார்கள். உப்பிலி, காவலாளி, மணல் மூட்டைகள் என்று ஒவ்வொரு முறையும் அதே சுமையை ஏற்றினார்கள். சுமையை மாற்றினால் புரொப்பெல்லரைச் சோதித்ததாகாது என்பதை ஏசுபாதமும் உப்பிலியும் அதற்குள் கற்றிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை சுப்ரஜா தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தாள். ஏசுபாதம் விசைப்பிடியை முன்னே தள்ளினார். மூக்கு உயர்ந்தது; உயர்ந்த மூக்கு உடனே படிந்தது; படகு தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. முள் ஐயாயிரத்து நானூறில் நின்றது. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததால் பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. உப்பிலி அவர் தோளைத் தட்டித் திரும்பச் சொன்னார். சுப்ரஜா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை விட்டு, காலை டிபன் எங்கே என்று சைகையால் கேட்டாள்.

அன்று பூத்திலிருந்து இரண்டு அழைப்புகள் போயின. படகு விற்பனைக்கு இல்லை என்று புதுச்சேரிக்கு ஒன்று. சிங்கப்பூருக்கு இரண்டாவது. உப்பிலி மைத்துனரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, மீதியை நீயே சொல் என்று ரிசீவரை ஏசுபாதத்தின் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மைத்துனர், விளிம்பு வேண்டுமென்றே மடிக்கப்பட்டது என்று எப்படித் தெரிந்தது, ஏதாவது புத்தகத்தில் படித்தாயா என்று விசாரித்தார்.

“இல்லீங்க சார்,” என்றார் ஏசுபாதம். “எங்க வூட்ல டைலரு.”

அவர் 2008 வரை அந்தப் படகை ஓட்டினார். டின் மூடியில் வெட்டிய அச்சு இன்று ரெஜினாவின் தையல் பெட்டியில் இருக்கிறது. பாவாடை விளிம்பில் மடிப்பைக் குறிக்க அதைத்தான் பயன்படுத்துகிறாள்.