கேட்காமல் கொடுத்த அப்பம்

இரண்டாவது முறை ஊரடங்கு வருவதற்குச் சற்று முன்புதான் என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரமடைப் பக்கம் தனியாக இருந்தவர். இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கிப் போயிருந்தன. மாத்திரை கொடுத்து வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், கோவையில் எங்கள் வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம்.

பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரே சபைதான். தோட்ட வேலைக்குப் போன காலத்திலும் மாதத்தின் முதல் ஞாயிறு யார் கூப்பிட்டாலும் போகமாட்டாராம். அன்றுதான் ஆலயத்தில் திருவிருந்து. ஆயர் கையால் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டு வந்தால் அந்த மாதம் அவருக்கு ஓடிவிடும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆயர் வாசிக்க அவர் காதில் கேட்டதுதான் வேதம்.

நான் வேறு மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகு, காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் கூடும் சிறு சபையில் சேர்ந்தேன். அங்கே ஆயர் கிடையாது, அங்கி கிடையாது. சகோதரர்களில் யாராவது ஒருவர் எழுந்து ஜெபித்து அப்பம் பிட்பார். வேதத்தில் இருப்பதுதான் முடிவு. பேராயர், சபைகளை ஆளும் சங்கம், சபைச் சட்டம் எல்லாம் மனிதர் கட்டியவை என்பது எங்கள் பேச்சு. மனைவியும் என்னோடு வந்தாள். விரும்பித்தான் வந்தாளா என்று நான் கேட்டதில்லை.

மாமியாரின் ஊருக்கு நாங்கள் போகும்போதெல்லாம் நான் அவரை வாதத்துக்கு இழுப்பேன். "ஆயர்தான் குடுக்கணும்னு எந்த வசனத்துல இருக்குதுங்க அத்தை?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கென்னங்க தெரியும் மாப்பிள்ளை. ஆயரய்யா வந்தா கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லி, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார். அதை நான் என் வெற்றி என்றே எடுத்துக்கொள்வேன்.

ஊரடங்கில் ஆலயங்கள் மூடப்பட்டன. முதல் ஞாயிறுகள் வெறுமனே கடந்தன. ஒருநாள் அவருடைய ஆயர் போனில் கூப்பிட்டார். இளம் வயதுக்காரர். அவருக்கே காய்ச்சல் வந்து அறையில் தனியாகக் கிடந்தார். "வழி திறந்ததும் நானே வாரேனுங்கம்மா. அதுவரைக்கும் மனசுல வாங்கிக்கங்க, கர்த்தர் பார்த்துக்குவாரு" என்றார். மாமியார் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "வாரேன்னு சொல்லிட்டாரு, பொறுத்துக்கலாமுங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

பொறுக்க முடியாமல் போனது எனக்குத்தான். ஆயர் வருவதற்குள் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அது மட்டும்தான் இருந்தது என்று இன்று சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, உப்புப் போடாமல் ஒரு சப்பாத்தி சுடச் சொன்னேன். கறுப்புத் திராட்சையைப் பிழிந்து நானே வடிகட்டினேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆதி விசுவாசிகள் வீடுகளில் அப்பம் பிட்ட பகுதியை வாசித்தேன். மாமியார் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக் கைகூப்பிக் கேட்டார். பிறகு மெதுவாக, "இது செல்லுமுங்களா மாப்பிள்ளை?" என்றார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் விளக்கினேன். குருப்பட்டம் பெற்ற ஆயர்தான் தரவேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை என்றேன். வசனம் வசனமாகப் புரட்டிக் காட்டினேன், வாசிக்கத் தெரியாதவரிடம். அவர் ஒருமுறை மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிக் கையை நீட்டினார். அப்பத்துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

அன்று மாலை எங்கள் சபையார் போனில் கூடியபோது இதைச் சாட்சியாகச் சொன்னேன். மரபில் ஊறிய ஒருவரைக் கர்த்தர் வசனத்தின் பக்கம் திருப்பினார் என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

மறுநாள் சமையலறையில் மனைவி என்னிடம் பேசினாள்.

"ஏனுங்க, அம்மா நேத்து மத்தியானம் சாப்பிடலை. தலை சீவி உடறப்ப அழுதாங்க. 'தப்புப் பண்ணிப்போட்டனோ என்னமோ அம்மணி, ஆயரய்யாகிட்டச் சொல்லிப்போடாத'ங்கறாங்க."

"தப்பில்லைன்னு அத்தனை எடுத்துச் சொன்னனே" என்றேன்.

"நீங்க சொன்னது வேதத்துல இருக்கறதுதானுங்க. நான் இல்லைங்கலை. ஆனா அம்மா உங்ககிட்ட அதைக் கேக்கவே இல்லைங்களே."

அன்றிலிருந்து மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முன்னைவிட மரியாதையாகச் சிரித்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரப் பார்த்தார். இனியும் ஏதாவது கொண்டுவந்துவிடுவேனோ என்று அவர் பயந்திருக்கலாம்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், சொன்னபடி ஆயர் மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் வந்தார். சிறிய மரப்பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணி விரித்தார். நான் மரியாதைக்காகப் பின்னறைக்கு நகர்ந்துகொண்டேன். அங்கிருந்தாலும் எல்லாம் கேட்டது.

"வாங்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்கய்யா" என்றார் மாமியார். "ஆசையில நானாக் கேட்டு, ஊட்டுலயே வாங்கிச் சாப்புட்டுப்போட்டனுங்க. மாப்பிள்ளை மேல ஒண்ணுமில்லீங்க."

ஆயர், "சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதில்லீங்கம்மா. சரி விடுங்க, அறிக்கை பண்ணிட்டீங்க, கர்த்தர் மன்னிக்கறாரு" என்று சொல்லி ஜெபித்தார்.

எதை மன்னிக்கிறார்? எனக்குள் கோபம் வந்தது. எந்தச் சங்கம் எழுதிய ஒழுங்கு என்று கேட்க வசனங்கள் நாக்கு நுனிவரை வந்தன. கதவைத் திறந்துகொண்டு போய், கேட்டது அவரல்ல, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் போகவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமியார் இரண்டு கைகளையும் குவித்து அப்பத்தை வாங்கினார். வாங்கிய உடனே வாயில் போட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பின் ஓராண்டுக்கு மேல் இருந்தார். கடைசிக் காலத்தில் ஒருநாள் தைரியம் வந்து, "அன்னைக்கு நான் உங்களைச் சங்கடப்படுத்திட்டேனுங்க அத்தை. பழியையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்க" என்றேன்.

"அட விடுங்க மாப்பிள்ளை. நல்லதுக்குத்தானுங்களே செஞ்சீங்க" என்றவர், நான் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். மன்னித்தாரா, மன்னித்ததாகச் சொல்வதுதான் மரியாதை என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

வேதமே முடிவு என்றுதான் இன்றும் நம்புகிறேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூட்டத்தில் யாராவது பெருமையாகச் சாட்சி சொன்னால், தலை குனிந்துகொள்கிறேன். ஆமென் சொல்ல வருவதில்லை.

மாமியாரை அவருடைய ஆலயத்துக் கல்லறையில் அடக்கம் செய்த சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "நாளைக்கு முதல் ஞாயிறுங்க. நான் அம்மா கோயிலுக்குப் போலாம்னு இருக்கறேன்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். பதிலுக்கு நான் என்ன வசனம் எடுப்பேன் என்று காத்திருந்தது போல் இருந்தது.

"எத்தனை மணிக்கு ஆராதனை? கொண்டுவந்து உடறேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள். பிறகு, "பஸ்ஸுலயே போய்க்கறேனுங்க" என்றாள்.