நளீரின் தொலைபேசியும் மரியமலரின் குசினிச் சுவரும்

2006 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நான்கரை மணிக்கு நளீர் மரியமலரை முதன்முதலாகக் கண்டார். அப்போது அவர் நின்றது அந்தப் பெண்ணின் வீட்டுக் கூரையில். கையில் நீளத் தடியில் கட்டிய அன்ரனா.

"ஆரது, என்ர ஓட்டில நிண்டு கூத்தாடுறது?"

"பக்கத்து வீட்டு நளீர், அக்கா. சிக்னல் பாக்கிறன்."

"ஓடு உடைஞ்சா மழையையும் நீங்களே பிடிப்பியளோ, நளீர் நானா?"

நளீருக்கு வெட்கத்தை விட ஆத்திரமே மிகுந்திருந்தது. வவுனியாவில் அக்காலத்தில் வீடுதோறும் வந்திருந்த கம்பியில்லாத் தொலைபேசி அவருடைய வீட்டில் தெருப்படியில் மட்டுமே தெளிவாகப் பேசியது. உள்ளே கொண்டுபோனால் இரைச்சல், உள்ளறையில் அதுவுமில்லை. அலுமாரிக்கு மேல் வைத்தார், யன்னலில் தொங்கவிட்டார், தகரக் கூரையைத் துளைத்துத் தடி நட்டார். பார்க்க வந்த தொழில்நுட்பக்காரன், "தகரத்தைக் கழட்டுங்கோ, இல்லாட்டி வீட்டை மாத்துங்கோ" என்று சிரித்துவிட்டுப் போனான்.

உள்ளறையில் நளீரின் தமக்கை றம்லா இத்தாவில் இருந்தார். கணவர் மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாதிருக்க வேண்டியவர் தெருப்படியில் வந்து நின்று பேசுவது எங்ஙனம்? கட்டாரில் வேலைசெய்த மகன் றிப்னாஸுக்கோ வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மட்டுமே அழைக்க முடிந்தது. அன்றும் அழைத்திருந்தான்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. உம்மாவும் மவுத்தாயிட்டாவா?"

"என்ன கதை கதைக்கிறாய்! உள்ளுக்கு இருக்கிறா."

"அப்ப ஏன் ஒரு சொல்லும் கதைக்கிறா இல்லை? அடுத்த வெள்ளி உம்மாட குரல் கேக்காட்டி வேலையை விட்டிட்டு வாறன்."

யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த, இளைஞர்கள் தெருவில் இறங்கவே அஞ்சிய நாட்கள் அவை. அவன் வந்தால் என்ன ஆகுமென்று நினைத்தபோதுதான் நளீர் அன்ரனாவைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறினார்.

கீழே இறங்கியதும் அத்தனையையும் அவர் மரியமலரிடம் கொட்டித் தீர்த்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து அவ்வருடம் வந்து, தன் சொந்தக்காரர் விட்டுப்போன வீட்டில் தனியே இருந்த கத்தோலிக்கப் பெண் அவர்.

"இங்க ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை. அவாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். ஓட்டுக்கூரைக்குக் கீழ என்ர குசினிக்குள்ள போன் மணிமணியா எடுக்குது."

"றம்லா ராத்தா வீட்டுப்படி தாண்டேலாது, அக்கா."

மரியமலர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் அவருடைய குசினி. அந்தப் பக்கம் றம்லாவின் அறை.

"அப்ப அவா படியைத் தாண்ட வேண்டாம். ரிசீவர் சுவரைத் தாண்டட்டும். ஒரு கல்லைக் கழட்டுங்கோ."

"உங்கட சுவரையோ?"

"கூரையில ஏறேக்க கேட்டுக்கொண்டோ ஏறினனீங்கள்?"

அடுத்த வெள்ளி தொலைபேசிப் பெட்டி மரியமலரின் அடுப்படித் தட்டில் இருந்தது. மணி அடித்ததும் நளீர் ரிசீவரைக் கல் கழட்டிய ஓட்டைக்குள் நீட்டினார். சுருள் வயர் இழுபட்டு மறுபுறம் போனது. "சாப்பிட்டியா மகன்?" என்ற றம்லாவின் குரலும், பிறகு நெடுநேர அழுகையும் கேட்டன. மரியமலர் நளீரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"தாயும் பிள்ளையும் கதைக்கட்டும். வாங்கோ அங்கால."

"அடுப்பில கறி, அக்கா..."

"கருகட்டும்."

அன்று சூடைமீன் சட்டியோடு கருகியது. றிப்னாஸ் வேலையை விடவில்லை. இத்தா முடியும்வரை வெள்ளிதோறும் மரியமலர் தம் குசினியை விட்டு வாசலில் போய் நின்றார்.

"இத்தா முடியட்டும், மேசனைக் கூட்டிவந்து பூசித் தாறன்" என்று நளீர் வாக்குக் கொடுத்திருந்தார். இத்தா முடிந்தது. மேசனுக்கு வேறு வேலை இருந்தது. பிறகு சீமெந்து கிடைக்கவில்லை. பிறகு நளீருக்கே நேரமில்லை. மரியமலர் ஓட்டையில் வெறும் மாவுப் பை ஒன்றைச் சுருட்டி அடைத்துவிட்டுச் சமைத்தார். எலி வந்தபோது எலியைத்தான் ஏசினார். வழியில் காணும்போதெல்லாம் றிப்னாஸின் சுகத்தை விசாரித்தார். சுவரைப் பற்றி ஒருமுறை கேட்டிருந்தால் நளீர் அன்றைக்கே பூசியிருப்பார்; அதை எண்ணி அவருக்கு மரியமலர்மேல் கோபம்கூட வந்ததுண்டு. 2009இல் வீட்டைப் பூட்டிச் சாவியை நளீரிடம் கொடுத்துவிட்டுப் போன நாளிலும் மரியமலர் அந்தக் கல்லைக் கேட்கவில்லை.