ஜேர்மன் காரில் போய்ப் பார்த்த வீடு

வாடகைக்கு ஆளைத் தெரிவுசெய்யும்போது வாடகை கட்டும் வல்லமையையும் முன்பிருந்த வீட்டை வைத்திருந்த விதத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. விண்ணப்பத்தில் கார் விபரம் கேட்பது தரிப்பிடத்துக்காக மட்டுமே. அரச அலுவலகத்தில் விதிகளோடு குடியிருந்து ஓய்வு பெற்றவன் நான்; ஆகவே இதை நம்பினேன்.

நாங்கள் இருப்பது லிட்கம் என்ற புறநகரில், மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. முழங்கால்கள் பழுதான பிறகு மனைவி வைத்தியரிடம் போக மட்டும் கீழே இறங்குவாள். மற்ற நாட்களில் பல்கனிக் கதிரையோடு சரி. அதனால் தரைத்தள வீடு தேடினேன். பெயின்ட் உரிந்த எங்கள் பழைய காரில் போய் இறங்கினால், வாசலில் நிற்கும் ஏஜென்ட் காரைப் பார்ப்பார், பிறகு கைபேசியைப் பார்ப்பார். என்னைப் பார்க்கும் முறை வராது.

"மாமா, உந்தத் தகரத்தை ரெண்டு தெரு தள்ளி விட்டிட்டு நடந்து போங்கோ," என்றார் மருமகன். பிறகு இரக்கப்பட்டுத் தன் ஜேர்மன் காரைத் தந்தார்.

சற்றுத் தள்ளி, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு தரைத்தள வீடு. அன்று மனைவியும் மெல்லப் படியிறங்கி வந்தாள். ஏஜென்ட் பெண் ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தாள். குசினியிலிருந்து முற்றத்துக்குப் படியே இல்லை. மனைவி அந்த வழியைத் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தாள்.

"இந்த முறை வெளியில பொங்கலாமப்பா."

அன்றே விண்ணப்பித்தேன். கார் என்ற இடத்தில் எங்கள் பழைய காரின் இலக்கத்தையே எழுதினேன். அதுதானே முறை.

மறுநாள் ஏஜென்ட் பெண் அழைத்தாள். வந்தது ஒரு கார், எழுதியது வேறு கார். அப்படியென்றால் விண்ணப்பத்தில் சொல்லாமல் இன்னும் யாரைக் குடிவைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அது மருமகனின் கார், இரவல் என்றேன். "ஓ," என்றாள். அதற்குப் பிறகு அவள் குரலில் அவசரம் வந்துவிட்டது.

"இரவல் எண்டு சொன்னீங்களே?" என்று கேட்டாள் மனைவி.

"ஓம். உண்மைதானே."

"உண்மை எண்டா எங்கட காரிலயே போயிருக்கலாம். பொய் எண்டா முழுசாச் சொல்லியிருக்கலாம். ரெண்டுக்கும் நடுவில என்னை இந்த மாடியில இருத்திப்போட்டீங்கள்."

பதிலைக் கேட்டு முறைப்படி நினைவூட்டல்கள் அனுப்பினேன். வீடு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தபோது, மனைவி குசினியில் மின் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தாள். அன்று தைப்பொங்கல்.