கோட்டை கைமாறிய அன்று கன்ரோகு

கன்ரோகுவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. அவனுக்கு வாய்த்த வேலையோ காவல். தோமிசாக்கா கோட்டையின் கிழக்கு வாசலில் ஈட்டியோடு நிற்பான். நின்றபடியே கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்தது ஒரு கடலோரக் கோட்டையில். பல் முளைக்கும் முன்பே, நாட்டை ஆளும் ஷோகன் அவனுடைய பிரபுவை மலைநாட்டுக்கு மாற்றிவிட்டார். மீசை முளைத்ததும் இங்கே. பிரபு போனால் சேவகர்களும் மூட்டை கட்டவேண்டியதுதான். அவன் வீட்டில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவே இல்லை.

கோட்டையும் பல கை மாறியதுதான். கட்டியவரின் வம்சம் வாரிசில்லாமல் அற்றுப்போனது. அடுத்தவர் ஷோகனைக் கேட்காமல் மதிலைச் செப்பனிட்டுப் பதவியைத் தொலைத்தார். மூன்றாவதாக வந்தவர்கள்தான் கன்ரோகுவின் ஹிராசே பிரபுக்கள். எல்லோரும் வந்த வேகத்தில் கூரை ஓடுகளில் தங்கள் குலச்சின்னத்தைப் பதித்தார்கள். வடக்கு மூலைக்கு மட்டும் ஏணி எட்டவில்லை. அங்கே முதல் வம்சம் இன்னும் ஆண்டுகொண்டிருக்கிறது.

இந்த இலையுதிர்காலத்தில் மறுபடி உத்தரவு. ஹிராசே பிரபு வடக்கே, பனி கொட்டும் ஊருக்குப் போகவேண்டும்; இங்கே ஓகுமா பிரபு வருகிறார்.

கன்ரோகுவின் மனைவி ஓரின் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் இந்த ஊர்க்காரி, கடைத்தெருவில் சோயா பயறை அரைத்து டோஃபுக் கட்டி செய்து விற்பவள். அம்மையில் போன மகள் கிகு இங்கே கோவில் கொல்லையில்தான் கிடக்கிறாள்.

"பாப்பாவ யாரு பாத்துப்பா? பனி உருகினதும் வந்து சமாதிக்குத் தண்ணி ஊத்துவீங்களோ?"

"நான் என்ன ஆசைப்பட்டா போறேன்? பிரபு போனா சட்டியும் போகணும், அகப்பையும் போகணும்."

"அகப்பை போகட்டும். சட்டி இங்கதான் இருக்கும்."

அதன்பின் அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. சோற்றுக்கிண்ணத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். காவல் தலைவர் புன்சோவிடம் ஒருநாள் மெல்ல வாயைத் திறந்தான்.

"அண்ணே, நான் இங்கயே நின்னுட்டா?"

"வாள வச்சிட்டு டோஃபு ஆட்டப் போறியா? உங்கப்பன் ஆவி வந்து ஈட்டியால குத்தும், பாத்துக்க."

கைமாற்றும் நாள் வந்தது. ஓகுமாவின் ஆட்கள் வந்து நிற்க, பழைய காவலர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அதற்குமேல் அங்கியில் பழைய சின்னம் அணிந்த எவனும் வாசலுக்குள் இருக்கக்கூடாது. கன்ரோகுவும் அகழிப் பாலத்தைக் கடந்து வரிசையில் சேர்ந்தான். கூட்டத்தில் ஓரினைத் தேடினான். அவள் வரவில்லை.

அப்போது கோட்டை முரசு நண்பகலை அறைந்தது. அது அவன் காவல் ஏறும் நேரம். அத்தனை வருஷப் பழக்கம். புத்திக்குத் தெரியுமுன் கால் திரும்பி நடந்துவிட்டது. சுதாரித்தபோது பழைய இடத்தில், ஓகுமாவின் இளங்காவலன் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அண்ணே, நீங்க போயாச்சு," என்றான் அந்தப் பையன் பயந்துபோய்.

"தெரியும்பா."

ஓகுமாவின் அதிகாரி நெருங்கினார். "அந்தச் சின்னத்தோட உள்ள நின்னா எதிரின்னு பிடிக்கணும். ஒண்ணு வெளிய போ, இல்ல அங்கியக் கழட்டு."

பாலத்திலிருந்து புன்சோ கத்தினார். "டேய் வாடா, பல்லக்கு கிளம்புது. அதக் கழட்டினா நீ நம்ம ஆளே இல்ல."

போ என்று யாராவது தள்ளினால் போயிருப்பான். யாரும் தள்ளவில்லை. கன்ரோகு அங்கியைக் கழற்றினான். மடித்து, வாளோடு சேர்த்து, பாலத்துக்குப் போய் புன்சோ கையில் கொடுத்தான்.

"பைத்தியக்காரா," என்றார் புன்சோ. "போற ஊர்ல ஒழுங்கான டோஃபு கூடக் கிடைக்காதுடா."

கடையில் ஓரின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திருகைக்கல் சும்மா கிடந்தது.

"என்ன, எதாச்சும் மறந்துட்டீங்களா?"

"அங்கி இல்லாம சேத்துக்க மாட்டாங்களாம்."

"அங்கி எங்க?"

"குடுத்துட்டேன்."

அவள் திருகையின் பிடியை அவன் பக்கம் தள்ளினாள். "சுத்துங்க. ஊறின பயறு புளிச்சுடும்."

அவன் சுற்றினான். தெருமுனையில் ஹிராசேயின் வரிசை நடந்துபோகும் சத்தம் கேட்டது. கை சுற்றினாலும் கண் வாசலிலேயே இருந்தது. கதவைச் சாத்த எழுந்த ஓரின், பாதியில் நின்றாள். பார்க்கட்டும் என்று திறந்தபடியே விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.